ஊரிகத்திலிருந்து உலகின் மறுபுறம் வரை: தூரமும் பயண நேரமும்

தொலைவிலுள்ள இரு நகரங்களைக் குறிப்பிட்டு, “இவற்றிற்கிடையே எவ்வளவு தூரம்? விமானத்தில் செல்ல எத்தனை மணி நேரம் ஆகும்?” என்று மாணவர்கள் வினவுவது வழக்கம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். கணக்குப் புத்தகத்திற்கு இது சரி. ஆனால், உருண்டையான பூமியின் மீது, வீசுகின்ற காற்றினூடே, நாடுகளின் எல்லைகளைக் கடந்து பறக்கும் விமானத்திற்கு இது போதாது. இரு நகரங்களுக்கிடையே ஒரே ஒரு தூரம் இல்லை; பல தூரங்கள் உள்ளன. நீண்ட வழியே விரைவான வழியாக அமைவதும் உண்டு. இவ்வுண்மையை விளக்குவதற்குக் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்வோம்.

ஊரிகமும் நில அளவையும்

ஊரிகத்தைத் தேர்ந்தெடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. தூரத்தை விஞ்ஞான முறைப்படி அளக்கும் பணி இந்தியாவில் தொடங்கிய காலத்திலேயே இவ்வூரின் பெயர் ஏட்டில் ஏறியது. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, முக்கோண முறையிலான பெரும் நில அளவையைத் தொடங்கினார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான ஜான் வாரன், அதே ஆண்டில் மைசூர் இராச்சியத்தின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்தார். அப்போது ஊரிகம், மாரிக்குப்பம் வட்டாரத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் துகள்களைப் பிரித்தெடுப்பதைக் கண்டு குறித்து வைத்தார். பின்னாளில் ஏற்பட்ட தங்கச் சுரங்கங்களுக்கு அக்குறிப்பும் ஒரு வித்தாகும்.

அதே வாரன் 1805 முதல் சில ஆண்டுகள் சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்று, அந்நகரின் தீர்க்கரேகையைக் கணித்தார். நெடுங்காலம் இந்திய நில அளவைக்கு அக்கணக்கு அடிப்படையாக விளங்கியது. தீர்க்கரேகையை அறிவதென்பது நேரத்தை அறிவதே. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு பாகைக்கு 4 நிமிடம் ஆகிறது. ஊரிகம் ஏறத்தாழ 78.3 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. 1906ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இந்தியப் பொது நேரமோ 82.5 பாகையைச் சார்ந்தது. இடைப்பட்ட 4.2 பாகைக்கு ஏறத்தாழ 17 நிமிட வேறுபாடு உண்டாகிறது. ஆகவே ஊரிகத்தில் சூரியன் உச்சிக்கு வரும் வேளை, ஆண்டின் சராசரியில், கடிகாரப்படி பகல் 12 மணி 17 நிமிடமாகும். இவ்வாறு தூரமும் நேரமும் தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று பிணைந்தவை.

உருண்டையின் மேல் நேர்வழி

சமதளத்தில் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு. உருண்டையின் மேல் நேர்கோடு வரைய இயலாது. பூமியின் மையத்தின் வழியாகச் செல்லும்படி அவ்வுருண்டையை இரண்டாகப் பிளந்தால் வெட்டு விளிம்பில் ஒரு வட்டம் தோன்றும். இதற்குப் பெருவட்டம் என்று பெயர். இரு ஊர்களின் வழியாகவும் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவற்றிற்கிடையே மிகக் குறுகிய வழியாகும்.

சுவரில் தொங்கும் உலகப் படம் இவ்விஷயத்தில் நம்மை ஏமாற்றுகிறது. பெங்களூரிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவிற்கு, வழக்கமான மெர்க்கேட்டர் படத்தில் அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்தால், அது கிழக்கு நோக்கிப் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து செல்லும். அவ்வழியின் நீளம் ஏறத்தாழ 16,100 கிலோமீட்டர். பெருவட்ட வழியோ ஏறத்தாழ 14,000 கிலோமீட்டரே. அது கிழக்கே செல்லாமல் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, திபெத்தையும் சைபீரியாவையும் கடந்து, 71 பாகை வட அட்சரேகை வரை ஏறிப் பின்னர் அலாஸ்கா பக்கமாக இறங்குகிறது. படத்தில் வளைந்து தோன்றும் வழியே உண்மையில் குறுகியது. நேராகத் தோன்றும் வழி 2,100 கிலோமீட்டர் நீளமானது.

மற்றொரு வியப்பும் உண்டு. பெங்களூரிலிருந்து நேரே வட துருவத்திற்குச் சென்று, அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோவிற்கு இறங்கினாலும் மொத்தத் தூரம் ஏறத்தாழ 14,360 கிலோமீட்டரே ஆகும். மிகக் குறுகிய வழியைவிட இது 400 கிலோமீட்டருக்கும் குறைவாகவே கூடுகிறது. இரு நகரங்களும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம்.

கணக்கிடும் முறை

உயர்நிலை வகுப்பு மாணவர்களைக் கொண்டு இதைக் கணக்கிடச் செய்யலாம். இரு ஊர்களின் அட்சரேகைகளும் தீர்க்கரேகைகளும் மட்டுமே வேண்டும். முதலில், இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்குக. அடுத்து, அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, அத்துடன் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் பெருக்குக. இவ்விரு விடைகளையும் கூட்டினால் கிடைப்பது, இடைப்பட்ட கோணத்தின் கோசைன். அக்கோணத்தை அட்டவணையில் கண்டு, பாகை ஒன்றுக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் தூரம் கிடைக்கும். ஓர் ஊர் தென்கோளத்தில் இருந்தால் அதன் அட்சரேகையைக் குறை எண்ணாகக் கொள்ள வேண்டும்.

ஊரிகத்திலிருந்து லண்டனுக்குள்ள தூரத்தை எடுத்துக்காட்டாகக் காண்போம். ஊரிகத்தின் அட்சரேகை 13.0 பாகை வடக்கு, லண்டனுடையது 51.5 பாகை வடக்கு. தீர்க்கரேகைகள் முறையே 78.3 பாகை கிழக்கும் 0.1 பாகை மேற்குமாகும், வேறுபாடு 78.4 பாகை. சைன்களின் பெருக்கம் 0.2250 × 0.7826 = 0.1761. கோசைன்களின் பெருக்கம் 0.9744 × 0.6225 × 0.2011 = 0.1220. கூட்டுத்தொகை 0.2981. இதற்குரிய கோணம் ஏறத்தாழ 72.7 பாகை, எனவே தூரம் ஏறத்தாழ 8,080 கிலோமீட்டர். பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் நேரும் பிழை மிகச் சிறிது. பள்ளிக் கணக்கில் அதைப் புறக்கணிக்கலாம்.

மாறாத தூரம், மாறிய நேரம்

லண்டனை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. 1880 முதல் கோலார் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்தின் தலைமையிடம் அந்நகரமே. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழில் வல்லுநர்கள் பலர் ஊரிகத்தில் வாழ்ந்தனர். இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஆள் போவதும் கடிதம் போவதும் அன்றாட நிகழ்ச்சிகள்.

8,080 கிலோமீட்டர் என்ற பெருவட்டத் தூரம் என்றும் மாறவில்லை. ஆனால் மனிதன் சென்ற வழியோ பலமுறை மாறியது. பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் கடல்வழி ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். 1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அது ஏறத்தாழ 11,600 கிலோமீட்டராகக் குறைந்தது. மாதக் கணக்கில் இருந்த பயணம் வாரக் கணக்கிற்கு இறங்கியது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்குக் கிளை இரயில் பாதை திறக்கப்பட்டதும் வழியின் கடைசிப் பகுதியும் எளிதாயிற்று.

1929 மார்ச் 30ஆம் நாள் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. இப்பயணத்திற்கு ஏழு நாட்கள் ஆயின; இடையில் ஐரோப்பாவில் ஒரு பகுதியை இரயிலில் கடக்க வேண்டியிருந்தது. 1948 ஜூன் 8ஆம் நாள் பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா இன்டர்நேஷனல் நிறுவனத்தின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம், கெய்ரோ, ஜெனிவா வழியாக 10ஆம் நாள் லண்டனை அடைந்தது. 1960இல் அதே நிறுவனம் போயிங் 707 ஜெட் விமானங்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. பெங்களூரிலிருந்து லண்டனுக்கு இடைநில்லாமல் செல்லும் இக்கால விமானத்திற்குப் பத்து அல்லது பதினொரு மணி நேரம் போதும்.

காற்றின் பங்கு

விமானத்தின் வேகம் என்று நாம் சொல்வது காற்றைச் சார்ந்த வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், தரையைச் சார்ந்த வேகம் மாறிவிடும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் 9,000 கிலோமீட்டர் செல்ல 10 மணி நேரம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று பின்னாலிருந்து வீசினால் அது 9 மணி நேரத்திலேயே சென்றடையும். அதே காற்று எதிர்த்து வீசினால் 11 மணி 15 நிமிடம் ஆகும். போக வர மொத்த நேரம் 20 மணி 15 நிமிடமாவதைக் காண்க. போகும்போது கிடைத்த ஆதாயத்தைவிடத் திரும்பும்போது ஏற்படும் இழப்பு அதிகம். ஏனெனில் எதிர்காற்றில் விமானம் நெடுநேரம் அகப்பட்டிருக்கிறது.

“பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, மேற்கு நோக்கிப் பறந்தால் ஊர் தானாகவே நம்மை நோக்கி வராதா?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது என்பதே விடை. அம்மண்டலத்திற்குள் எழும் காற்றோட்டங்களே வேறுபாட்டை உண்டாக்குகின்றன. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பெருவேகத்துடன் ஜெட் காற்றோட்டம் வீசுகிறது.

இதன் ஆற்றலுக்குச் சிறந்த சான்று 2016 அக்டோபரில் கிடைத்தது. டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவிற்கு அதுவரை மேற்கு நோக்கி, அட்லாண்டிக் வழியாக, ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் பறந்துவந்த ஏர் இந்தியா விமானம், கிழக்கு நோக்கிப் பசிபிக் வழியாக அனுப்பப்பட்டது. தூரம் 15,300 கிலோமீட்டராக உயர்ந்தது. ஆயினும் பயணம் ஏறத்தாழ 14½ மணி நேரத்தில் முடிந்தது. தரை வேகம் சராசரியாக மணிக்கு 1,055 கிலோமீட்டர் ஆகிறது. விமானத்தின் இயல்பான வேகத்திற்கு மேற்பட்ட பகுதி முழுவதும் காற்று அளித்த கொடை. 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் நேரம் குறைந்தது.

குறுகிய வழியில் ஏன் பறப்பதில்லை?

டில்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவிற்கும் பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டரே. மேலே சொன்ன இரு வழிகளுமே அதைவிட நீளமானவை. அக்குறுகிய வழி திபெத் பீடபூமியின் மேல் செல்கிறது. விமான அறையில் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், பயணிகள் இயல்பாக மூச்சுவிடுவதற்காக விமானம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரத்திற்கு விரைந்து இறங்க வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4½ கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது! ஆகவே அவ்வழி இயன்றவரை தவிர்க்கப்படுகிறது.

நாடுகளின் வான்வெளியும் ஒரு தடை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. வட அமெரிக்காவிற்குச் சென்ற சில விமானங்கள் இடையில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தூரம் மட்டும் ஒரே நாளில் கூடிவிட்டது.

துருவப் பகுதியில் வேறு இடர்கள் உள்ளன. அவசரத்திற்கு இறங்கத் தக்க விமான நிலையங்கள் அங்கு மிகச் சில. ஜெட் எரிபொருள் உறையும் நிலை, அதன் வகைக்கேற்ப, பூச்சியத்திற்குக் கீழ் 40 முதல் 47 பாகை வரை ஆகும். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதும் உண்டு. எனவே விமானிகள் எரிபொருளின் வெப்பநிலையை இடைவிடாது கண்காணிக்க வேண்டும். காந்த துருவத்தின் அருகே காந்த ஊசியையும் நம்ப இயலாது.

இவ்விடர்களைக் கணக்கிட்டு, 2021 ஜனவரி 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் புறப்பட்டது. காப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்களே. வட துருவத்தின் மேலாகச் சென்ற அப்பயணத்தின் தூரம் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் என அறிவிக்கப்பட்டது. பெருவட்டத் தூரமோ 14,000 என்பதை நினைவிற் கொள்க. ஏட்டில் எழுதும் தூரம் வேறு. விமானம் பறந்து கடக்கும் தூரம் வேறு.

கடிகாரம் காட்டும் நேரம்

அவ்விமானம் புறப்பட்ட வேளை சான்பிரான்சிஸ்கோவில் இரவு 8.30 மணி; பெங்களூரில் இறங்கியது ஜனவரி 11 அதிகாலை 3 மணிக்குப் பின்னர். இவற்றை அப்படியே கழித்தால் முப்பது மணி நேரத்திற்கு மேல் வரும். ஆனால் குளிர்காலத்தில் அந்நகரின் கடிகாரம் இந்திய நேரத்திற்கு 13½ மணி பின்தங்கியுள்ளது. அங்கே இரவு 8.30 என்பது இங்கே மறுநாள் முற்பகல் 10 மணி. ஆகவே உண்மையான பயண நேரம் 17 மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்டது. புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் ஒரே ஊரின் நேரமாக மாற்றிய பின்னரே கழிக்க வேண்டும் என்னும் விதியை மாணவர் மனத்தில் பதிய வைப்பது நலம்.

பூமியை ஊடுருவும் பயணி

பெருவட்ட வில்லைக் காட்டிலும் குறுகிய வழி ஒன்று உண்டு. அது பூமியைத் துளைத்துச் செல்லும் நேர்கோடு. பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவிற்கும் இடையே அதன் நீளம் ஏறத்தாழ 11,340 கிலோமீட்டர். எந்த விமானமும் அவ்வழியில் செல்ல முடியாது. ஆயினும் நியூட்ரினோ என்னும் நுண்துகள் செல்லும். ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் அது அத்தூரத்தை ஒரு விநாடியின் 26இல் ஒரு பங்கிற்குள் கடந்துவிடும்.

இது கற்பனை அன்று. தங்கவயலோடு நெருங்கிய தொடர்புடைய உண்மை. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். வானிலிருந்து வரும் பிற துகள்களை மேலுள்ள பாறை தடுத்துவிடும். பக்கவாட்டில் நெடுந்தூரம் பாறையை ஊடுருவி வந்த நியூட்ரினோக்களின் அடையாளத்தை 1965இல் அவர்கள் கண்டனர். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த ஆய்வுகளுள் அது ஒன்று; அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் இத்தகைய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அவ்வாழத்தில் கருவிகளை இறக்கவும் காக்கவும் துணைநின்றவர்கள் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களே.

ஊரிகத்திலிருந்து பெங்களூர்

இறுதியாக, அருகிலுள்ள தூரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் இரயிலேறி, வேலைக்காக நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்பலாயினர். ஊரிகத்திலிருந்து பெங்களூருக்கு நேர்த் தூரம் ஏறத்தாழ 74 கிலோமீட்டரே. வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் வரை ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஆறு மணி. வாரத்தின் ஆறு வேலை நாட்களுக்கு 36 மணி. அந்நேரத்தில் சான்பிரான்சிஸ்கோவிற்குப் பறந்து சென்று திரும்பியும் வந்துவிடலாம்!

இது வெறும் வேடிக்கைக் கணக்கன்று. ஓரூரின் தொலைவை நிர்ணயிப்பது வழி, வாகனம், காத்திருக்கும் நேரம் ஆகிய யாவும் சேர்ந்தே. விடியுமுன் இரயிலேறும் தந்தையின் தூரத்தை வகுப்பிலுள்ள குழந்தை நன்கு அறியும். அக்குழந்தைக்குப் பெருவட்டத்தைக் கற்பிக்கத் தொடங்குமிடம் அதுவே.

பள்ளியில் செய்து பார்க்க

30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பூகோள உருண்டை ஒன்றும் சிறிது நூலும் போதும். அவ்வுருண்டையில் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 425 கிலோமீட்டரைக் குறிக்கும். ஊரிகத்தின் இடத்தில் நூலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை லண்டன் வரை இறுக்கிப் பிடித்து அளக்கவும். நூல் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் இருக்கும். சான்பிரான்சிஸ்கோவிற்கு 33 சென்டிமீட்டர். இறுக்கிய நூல் எந்த நாடுகளின் மேல் செல்கிறது என மாணவர்கள் எழுதட்டும். பின்னர் அதே வழியைச் சுவர்ப் படத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்து இணைக்கச் செய்யலாம். நூலில் நேராயிருந்த வழி படத்தில் வில்லாக வளைவதைக் கண்ணால் கண்டவர் பின்னர் மறக்கமாட்டார்.

கிராமப் பணியாளர்களும் தங்கள் வட்டாரத்தில் இத்தகைய பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம். ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் மருத்துவமனை, சந்தை, உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றிற்குள்ள நேர்த் தூரம், செல்லும் வழியின் தூரம், செல்ல ஆகும் நேரம் என மூன்று வரிசைகளில் எழுதவேண்டும். நேர்த் தூரம் குறைவாயிருந்தும் நேரம் மிகுந்துள்ள இடம் எதுவோ, பாலமோ பாதையோ பேருந்தோ முதலில் தேவைப்படுவது அங்கேதான்.